கண்ணின் கீழ்ப்பாதி

அருளம்பலத்தாருக்கு ரத்தப் பிரசர் கிடையாது. ஆனால் அச்சுவேலியில் அவரைத் தெரிந்த அத்தனை பேருக்கும் அவர் பிரசர்காரர். அப்படி ஊரை நம்ப வைத்தவள் அவருடைய மனைவி பத்மாவதி. அவள் ஒரு விஷயத்தை நம்ப வைக்க வேண்டும் என்று நினைத்துவிட்டால் ஊர் என்ன, அருளம்பலத்தாரே சில நாட்களில் தனக்குப் பிரசர்தான் என்று நினைத்துக்கொள்வார்.

நடந்தது வேறு. சில வருடங்களுக்கு முன் வெங்காயத் தோட்டத்தால் திரும்பி வருகையில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் அவருடைய மோட்டார்சைக்கிளை இடித்து இடது கால் முறிந்தது. பிளாஸ்டர் போட்டுக் கிடந்த கால், முறிவு பொருந்துகிற நேரத்தில் பூசணிக்காய் போல வீங்கியது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்துவிட்டு, தோட்டக்காரருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்.

"ஐயா, ரத்தத்தை உறைய வைக்கவும் புரதங்கள் இருக்கு. உறைஞ்சது காணும், போதும் எண்டு மறிக்கவும் புரதங்கள் இருக்கு. உங்கடை ரத்தத்தில மறிக்கிற ஆள் குறைவு. எஸ் எண்டு ஒரு புரதம். உது பிறப்பிலேயே வாறது."

அருளம்பலத்தாருக்கு நன்றாக விளங்கியது. கிணற்றிலிருந்து மெஷின் இறைத்துக்கொண்டே இருக்கிறது, வாய்க்காலை வெட்டி மறிக்க ஆளில்லை. பாத்தி என்ன ஆகும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"பிள்ளைக்கும் வந்திருக்கலாம்," என்றார் டொக்டர். "மகளையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சோதிச்சு வைக்கிறது நல்லம்."

திரும்பி வரும் வழியில் ஓட்டோவுக்குள்ளேயே பத்மாவதி தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, உதைப்பற்றி ஒருத்தரிட்டையும் வாய் திறந்திடாதேங்கோ. பரம்பரை நோய் வருத்தமெண்டு ஒரு சொல்லு வெளியில போனா எங்கடை பிள்ளையை ஆர் எடுக்கிறது? கலியாணம் முடியட்டும். பேந்து எத்தினை சோதினை வேணுமெண்டாலும் செய்வம்."

பத்மாவதியைக் கெட்டவள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் பெண் எடுக்க வந்தால் விசாரிக்கிற விசாரணையைப் பொலிஸ் செய்தால் நாட்டில் ஒரு கள்ளனும் மிஞ்ச மாட்டான். கிணற்றுத் தண்ணீர் உப்பா என்பதில் தொடங்கி, அப்பம்மாவின் தமையனுக்கு விசர் பிடித்திருந்ததா என்பது வரை தோண்டுவார்கள். அந்தத் தோண்டலுக்கு முன்னால் ஒரு தாய் என்னதான் செய்வாள்? மூடத்தான் செய்வாள். ஒரே மகள் கஜந்தினிக்குக்கூட அவள் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை, ரீச்சர்மார் கூடிக் கதைக்கிற இடத்தில் வாய் தவறிவிட்டால் என்ன செய்வது?

இப்படியாக ரத்தம் உறையாமல் இருக்க அவர் போடுகிற மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, பிரசர்க் குளிசை ஆனது. அந்தக் குளிசைக்குக் கீரை வகை கனக்கச் சேரக்கூடாது. பக்கத்து வீட்டுத் தங்கமுத்துவோ பிரசருக்கு நல்லது என்று கட்டுக்கட்டாக முருங்கையிலை கொண்டு வந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சமைக்கவும் முடியாது. ஆடு கொழுத்தது.

கஜந்தினிக்குச் சம்பந்தம் உடுவிலில் பொருந்தியது. மாப்பிள்ளை கீர்த்திகனுக்கு நோர்வேயில் வேலை. பொறுமையான பொடியன், முகத்தில் எப்போதும் மன்னிப்புக் கேட்கிற ஒரு சிரிப்பு. அவனுக்கு லீவு கொஞ்சம்தான். ஐயர் பஞ்சாங்கம் பார்த்து வைத்த நாளை மாற்ற இடமில்லை. பத்மாவதி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கல்யாணம் நடக்கும் கிழமையில்தான் மகளுக்கு மாதவிலக்கு வரும்.

"தாலிப் பொன்னுருக்குக்குத் துடக்கோடை இருக்க ஏலுமே? தாலி கட்டு, நாலாம் சடங்கு, அது முடிய ஆஞ்சநேயருக்கு நேத்திக்கடன் வேறை இருக்கு. நாள் தள்ளுற குளிசை வேண்டிக்கொண்டு வாங்கோ."

"நானோ?" என்றார் அருளம்பலத்தார்.

"வீடு நிறையச் சனம், அடுப்பில பலகாரம். நான் போகவோ?"

மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அச்சுவேலிப் பாமசியில் எல்லாரும் தெரிந்த முகம் என்று மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடம் சந்தையடி வரைக்கும் போனார். அவரே அந்தச் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போகிறவர். உடுவிலார் மரக்கறி வாங்குவதும் அங்கேதான் என்பது அந்த நேரத்தில் அவருடைய மூளைக்கு எட்டவில்லை.

பாமசியில் நின்றது கண்ணாடி போட்ட இளம்பெண்.

"தங்கச்சி, அது வந்து... பொம்பிளைப் பிள்ளையளுக்கு நாள் தள்ளிப் போடுற குளிசை."

"ஆருக்கு அங்கிள்?"

"மகளுக்கு. கலியாணம்."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம் போல அவருக்கு இருந்தது. குளிசையை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாள். "அங்கிள், மகளுக்கு, இல்லாட்டி வீட்டில ஆருக்கும், ரத்தம் கட்டின வருத்தம் இருக்கோ? கால் வீங்கிறது, நெஞ்சில அடைக்கிறது, அப்பிடி? இருந்தா நான் உதைக் குடுக்க ஏலாது. டொக்டரிட்டைத்தான் கேக்க வேணும்."

அருளம்பலத்தார் வாயைத் திறந்தார். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தார்.

"என்ன சம்பந்தி, குளிசைக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள்?"

பின்னால் கத்தரிக்காய்ப் பையோடு சோமசேகரம் நின்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன். இந்தச் சம்பந்தத்தை விசாரித்துப் பொருத்தியவரே அவர்தான்.

"சீச்சீ," என்றார் அருளம்பலத்தார், பாமசிப் பிள்ளையைப் பார்த்து. "எங்கடை பரம்பரையிலயே அப்பிடியொண்டும் இல்லை."

இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பரம்பரையைச் சோமசேகரத்தாருக்காகச் சேர்த்துச் சொன்னார். அவள் அதை நம்பிக் குளிசையைக் கொடுத்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள், சொன்னதை நம்பினாள். அவளில் ஒரு பிழையும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியைக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். "பத்மா, எனக்கு மனம் சரியில்லை. உதைக் குடுக்காமல் விடுவம்."

"உங்களுக்கு விசரே? தங்கமுத்து அக்காவின்ரை மூண்டு பெட்டையளும் போட்டவை. ஆருக்கு என்ன நடந்தது? ஊர் முழுக்கப் போடுற குளிசை."

அவர் கேட்க விரும்பியதும் அதைத்தான். மனம் ஆறிவிட்டது. மனம் என்பது அப்படி ஒரு சாமான், நாலு பேர் செய்கிற காரியம் என்று சொன்னால் உடனே ஆறிவிடும்.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் தங்கினான். அருளம்பலத்தார் வீட்டையும் தோட்டக் காணியையும் மகளுக்குச் சீதன உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். பந்தலில் எல்லாரும் அதைப்பற்றிப் புகழ்ந்து கதைத்தபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உறுதி எழுதாமலே மகளுக்கு வேறொன்றையும் கொடுத்திருந்தது அவருக்கு அன்று ஞாபகத்தில் இல்லை.

தாலி கட்டி நாலாம் நாள் நடக்கிற நாலாம் சடங்கன்று காலை கஜந்தினி கண்ணாடிக்கு முன்னால் மை தீட்டிக்கொண்டிருந்தாள். மை தீட்ட இடது கண்ணை மூடியவள், "அம்மா," என்று கூப்பிட்டாள். அவ்வளவு சத்தமாகக்கூட இல்லை.

"என்ரை முகத்தில கீழ்ப்பாதி இல்லை."

வலது கண்ணால் பார்த்தால் கண்ணாடியில் நெற்றி இருக்கிறது, பொட்டு இருக்கிறது. மூக்குக்குக் கீழே சாம்பல் நிறம். நோவில்லை, எரிவில்லை, கண் சிவக்கவும் இல்லை. வெளியே இருந்து பார்த்தால் மான் கண் மாதிரித்தான் இருந்தது.

"நாவூறு," என்றாள் பத்மாவதி. "பந்தலில எத்தினை கண் பட்டிருக்கும்." செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மகளைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறவில்லை, நாவூறுதான் என்று திருப்திப்பட்டாள்.

அருளம்பலத்தார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு நாவூறு என்று ஒரு கணமும் தோன்றவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றார்.

"மாப்பிள்ளை வீட்டார் முழுப் பேரும் சாப்பாட்டுக்கு வருகினம். அவை வந்து பொம்பிளை எங்கையெண்டு கேட்டா என்ன சொல்லுறது? சாப்பாடு முடியப் போவம்."

அவர் வாழையிலை வெட்டப் போனார். அந்த மனிதரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல எனக்கு இருக்கிறது. ஆனால் உலுப்பினால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது?

பின்னேரம்தான் வேன் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். கீர்த்திகனும் அவனுடைய தாயும் கூட வந்தார்கள். கண் டொக்டர் எமில்ராஜ் கஜந்தினியின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நீண்ட நேரம் பார்த்தார்.

"கண்ணிலயிருந்து மூளைக்கு ஒரு நரம்பு போகுது. அந்த நரம்பின்ரை தலைப்பிலை ரத்த ஓட்டம் நிண்டு போச்சு. நரம்பு வீங்கியிருக்கு," என்றார். "பிள்ளை, ஏதும் குளிசை போடுறனீங்களோ?"

கஜந்தினி வெட்கத்தோடு நாள் தள்ளும் குளிசையைச் சொன்னாள்.

"வீட்டில ஆருக்கும் ரத்தம் கட்டுற வருத்தம்?"

"இல்லை டொக்டர்," என்றாள் அவள். பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "அப்பாவுக்குப் பிரசர் மட்டும்தான்."

டொக்டர் பேனையை எடுத்தார். அருளம்பலத்தார் மகளைப் பார்த்தார். சம்பந்தியம்மாவைப் பார்த்தார். பத்மாவதி அவர் போட்டிருந்த சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள், அதுவும் அவருக்குத் தெரிந்தது.

"எனக்கு இருக்கு," என்றார்.

அந்தச் சின்ன அறையில் அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம், கால் வீங்கியது, கொழும்புக்கு ரத்தம் போனது, எஸ் என்ற புரதம், பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னது, பாமசியில் கேட்டது, எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. இதைச் சொன்னால் மகளின் கண் திரும்பும் என்று அவர் நம்பினார். தான் மறைத்ததால் வந்தது, தான் சொன்னால் போகும் என்ற கணக்கு. அந்த நம்பிக்கையில்தான் சம்பந்தியம்மாவின் முகத்தைக்கூடச் சட்டை செய்யவில்லை.

டொக்டர் எமில்ராஜ் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

"சொன்னது நல்லம். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி தொடங்குவம். உந்தக் குளிசையை இண்டையோடை விடுங்கோ. ஆனா ஐயா, பட்டுப்போன நரம்பு திரும்பி வராது. அதுக்கு என்னட்டை மருந்தில்லை. ஒருத்தரிட்டையும் இல்லை."

"காலமை வந்திருந்தா?"

"காலமை வந்திருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பன்."

"அப்ப உந்தக் குளிசையாலதானோ?"

"சொல்ல ஏலாது. குளிசை போட்டதால வந்ததோ, புரதம் குறைவெண்டதால வந்ததோ, ரெண்டும் சேந்தோ, ரெண்டும் இல்லாமலோ. உப்பிடி வாற கனபேருக்குக் காரணமே பிடிபடுறேல்லை."

பழியைத் தூக்கித் தன் தலையில் வைக்கத் தயாராக நின்ற மனிதருக்கு அந்தப் பழிகூட முழுதாகக் கிடைக்கவில்லை. அவர் இன்னும் ஒன்று கேட்டார்.

"மற்றக் கண்?"

"வராமலும் விடலாம். வந்தால் என்னால மறிக்க ஏலாது. குளிசையை ஒழுங்காப் போட வேணும், தண்ணி நல்லாக் குடிக்க வேணும். பாப்பம்."

வேனில் திரும்பி வரும்போது சம்பந்தியம்மா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். "சொல்லியிருக்கலாம்." கீர்த்திகன், "அம்மா, பேசாமல் இருங்கோ," என்றான். கஜந்தினி தகப்பனிடம் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான்.

"அப்பா, உங்கடை குளிசை பிரசருக்கில்லையோ?"

"இல்லை மோனை."

அவள் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதும் மற்றதை மூடிப் பார்ப்பதுமாக வந்தாள்.

லீவு முடிந்து கீர்த்திகன் போய்விட்டான். போகிற அன்று அழுதவன் அவன்தான். தினமும் வீடியோவில் கதைத்தான், விசாவுக்குரிய அலுவல்களைப் பார்ப்பதாகச் சொன்னான். அவனையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கதையில் ஒருவரைப் பிடித்து நன்றாக ஏசலாம் என்று நானும் பார்க்கிறேன், அகப்படுகிறார்கள் இல்லை.

கொழும்பிலிருந்து ரத்தச் சோதனையின் முடிவு வந்தது. அதே புரதம், அதே குறை. ஊசி முடிந்து கஜந்தினியும் தகப்பன் போடுகிற அதே குளிசைக்கு மாறினாள். குளிசை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ரத்தம் குத்தி எடுக்கிற நாளில் இருவரும் ஒரே மோட்டார்சைக்கிளில் கிளினிக்குக்குப் போய் ஒரே வாங்கில் குந்தியிருந்தார்கள். நேர்ஸ் இருவரையும் பார்த்து, "அப்பாவும் மகளும் சோடியா வந்திருக்கிறியள்," என்று அன்பாகத்தான் சொன்னாள். அருளம்பலத்தார் எழுந்து வெளியே போய் மதிலோடு நின்றுவிட்டு வந்தார்.

ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பத்மாவதி பயந்தது போல ஊர் ஒன்றும் இடிந்து விழவில்லை. தங்கமுத்து ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ரை தம்பிக்கும் உதுதான் பத்மா," என்றாள். "கால் வீங்கித்தான் செத்தவன். பெட்டையள் மூண்டையும் வைச்சுக்கொண்டு நாங்கள் எப்பிடி வெளியில சொல்லுறது? பயந்து பயந்துதான் உந்த நாள் தள்ளுற குளிசையைப் போடவிட்டனான்." பத்மாவதி உள்ளே வந்து அரிசிச் சுளகை மடியில் வைத்தபடி நெடுநேரம் குந்தியிருந்தாள். அன்றிலிருந்து அவளுடைய அதிகாரமெல்லாம் போய்விட்டது. கோயில் கோயிலாகப் போனாள். வீட்டில் அவள் சத்தம் கேட்காமல் இருப்பது அருளம்பலத்தாருக்குப் பழகவில்லை.

அவருக்கு ஒரு வேலைதான் மிஞ்சியது. காலையில் மகள் எழும்பியதும் அவளைப் பார்ப்பது. இந்த வருத்தம் பெரும்பாலும் நித்திரையில்தான் வரும் என்று டொக்டர் சொன்னதிலிருந்து இரவு அவருக்கு எதிரியாகிவிட்டது. விடிந்ததும் ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு மகளின் அறைப் பக்கம் போவார். "எப்பிடி மோனை?" என்பார். "அப்பிடியே இருக்கப்பா," என்பாள். அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்குப் போவார். தண்ணீர் குடித்தாயா என்று அவர் கேட்காத நேரமில்லை. செம்பில் தண்ணீர் கொண்டு வந்து பக்கத்தில் நின்று, அவள் குடித்து முடித்த பின்தான் போவார். வெங்காயத்துக்கு இறைப்பது போல மகளுக்கும் இறைத்துக்கொண்டிருந்தார். அதைவிட வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கஜந்தினி திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். நல்ல கண் இருந்தபடியால் நடப்பதற்கும் எழுதுவதற்கும் வில்லங்கமில்லை. பிள்ளைகளின் கொப்பி திருத்தினாள். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்து, கீர்த்திகனோடு வீடியோவில் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டாள். அவள் சிரிப்பதைக் கேட்டால் அருளம்பலத்தார் தோட்டத்தில் கொஞ்சம் நன்றாக வேலை செய்வார். வராமலும் விடலாம் என்று டொக்டர் சொன்னதை மண்வெட்டி விழுகிற தாளத்துக்கு மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை. பத்மாவதி விடியவே கோயிலுக்குப் போய்விட்டாள். அருளம்பலத்தார் வழமை போல மகளை "எப்பிடி?" என்று கேட்டு, "அப்பிடியே," என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மெஷினுக்கு எண்ணெய் போதாமல் இடையில் திரும்பி வந்தார். குசினி வாசலில் அவருக்குக் கால் நின்றது.

கஜந்தினி கதிரையில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு மடியில் இல்லை. இடது கையால் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். கை உளைந்து தட்டு கொஞ்சம் கீழே இறங்கினால், வலது கை புட்டைத் தேடித் தட்டின் விளிம்பில் போய் முட்டியது. திரும்பத் தூக்கினாள். நிலத்தில் புட்டு சிந்திக் கிடந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

அவர் வந்த சத்தம் கேட்டதும் தட்டைச் சட்டென்று மடியில் இறக்கினாள்.

"மோனை."

"மெஷின் நிண்டு போச்சோ அப்பா?"

"எப்ப தொடக்கம்?"

"முந்தநாள் காலமை," என்றாள்.

"நான் கேக்கிற நேரமெல்லாம் அப்பிடியே எண்டு சொன்னியே மோனை! ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா என்னப்பா செய்வியள்?"

குத்திக் கேட்கவில்லை. கோபத்திலும் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்பது போலக் கேட்டாள். அருளம்பலத்தார் ஏதாவது ஒன்று இருக்கும் என்று தேடினார். தோட்டத்தையும் வீட்டையும் தன்னுடைய இரண்டு கண்ணையும் சேர்த்துத் தேடினார். அவர் கொடுக்கக்கூடிய ஒன்றும் அவளுக்கு உதவாது.

"எழும்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போவம்," என்றார்.

"ஓம், போவம். பசிக்குது அப்பா, சாப்பிட்டிட்டுப் போவம்."

அவர் தோட்டத்து மண் காயாத கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு மகளுக்கு முன்னால் போய் முழங்காலில் இருந்தார். அவள் மடியிலிருந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்துப் பிடித்தார். கஜந்தினி அவருடைய நெற்றியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் உயத்திப் பிடியுங்கோ அப்பா."

உயர்த்திப் பிடித்தார்.